மெஷினுக்கு முன்னால் ஒரு ஜோடி செருப்பு

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். துணி போடப் போகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டுதான் மெஷினைத் தொட வேண்டும். நான் கல்யாணமாகி வந்த வாரமே, சர்க்கரை டப்பா இருக்கும் இடத்தைச் சொல்வதுபோல மாமியார் இதையும் சொல்லிவிட்டார்.

"வெறுங்கால்ல தொடாதம்மா. லேசா சுர்ருங்கும்."

"அதுக்குப் பேர்தான் ஷாக், அத்தை."

"ஷாக்கெல்லாம் இல்ல. சும்மா ஒரு இது."

அந்த 'ஒரு இது'வுக்குச் செருப்பு வைத்தியம் கண்டுபிடித்தவர் மாமனார். தையல் மெஷின் விற்றே ஓய்வு பெற்றவர். அதனால் மோட்டார் சுற்றுகிற எதுவும் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. ரப்பர் போட்டால் கரண்ட் அண்டாது, லேசான ஷாக் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று கைவசம் நிறைய விளக்கம் வைத்திருந்தார். ஒரு கை மெஷினிலும் மறு கை பக்கத்துக் குழாயிலும் இருந்தால் செருப்பு என்ன செய்யும் என்று கேட்டேன். "யாரும்மா அப்படித் தொடப்போறா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மனிதர் தங்கம், எப்படிச் சண்டை போடுவது?

போன மாதம் சுவரில் ஈரம் இறங்கியதால் வயரிங்கைப் புதிதாகச் செய்தோம். எலெக்ட்ரீஷியன் மெஷின் பிளக்குக்கு எர்த் கொடுத்து, ஸ்விட்சுப் பலகையில், கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஒரு டிரிப் ஸ்விட்சும் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து மெஷினைப் போட்டால் 'டக்'. வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். அழுக்குத் துணி மலையாகக் குவிந்தது.

"ஸ்விட்சு டூப்ளிகேட். ஞாயித்துக்கிழமை அதையும் அந்த எர்த்தையும் தூக்கிட்டு, பழையபடி நேரா வயரைக் கொடுத்துடறேன்" என்றார் மாமா.

"மிக்ஸி போட்டா விழல, அயர்ன் பாக்ஸ் போட்டா விழல. மெஷின் போட்டாத்தான் விழுது. அப்ப கோளாறு எதுல மாமா?"

"அதுக்கும் இதுக்கும் ஒத்துப்போகல, அவ்வளவுதான்."

என் கணவர் செய்தித்தாளுக்குள் தலையை விட்டுக்கொண்டார். தன் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வருவதென்றால் அவருக்கு எப்போதும் படிக்க ஏதாவது இருக்கும்.

எங்கள் பொடிசு அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் துணி சுற்றுவதைப் பார்ப்பதென்றால் அவளுக்கு உயிர். எத்தனை தடவை நான் தூக்கிக்கொண்டு ஓட முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மாமா மெயினை அணைத்துவிட்டு, மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த பலகையின் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறினார். வாயில் இரண்டு ஸ்குரூ. நான் சமையலறை வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

பொடிசு தத்தித் தத்தி வந்தாள். நேராக மெஷினிடம் போகவில்லை. முதலில் நீலச் செருப்பிடம் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரே செருப்புக்குள் இரண்டு காலையும் நுழைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் செய்வதைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் ஓர் எட்டு வைத்தாள். செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, ஒரு கையால் மெஷினைப் பிடித்தாள், மறு கையால் குழாயைப் பிடித்தாள்.

மாமா ஸ்டூலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். வாயிலிருந்த ஸ்குரூவைக் கையில் துப்பிக்கொண்டார்.

"கரண்ட் இல்ல" என்றார்.

"இப்ப இல்ல மாமா. நீங்க வயரைக் கொடுத்த பிறகு இருக்கும்."

இறங்கி வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். அவள் பாதத்தை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சைஸுக்கு ஒரு ஜோடி வாங்கிடலாமாப்பா?" என்றார் என் கணவர், உதவி செய்கிற நினைப்பில்.

"வாயை மூடிட்டு மெக்கானிக்குக்கு போன் போடுடா."

மெஷினுக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ஓட்டையாம். இத்தனை நாளும் கரண்ட் மெஷினின் உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. புது ஸ்விட்ச் அதைக் கண்டுபிடித்துத்தான் விழுந்திருக்கிறது. மெக்கானிக் வேறு ஹீட்டர் போட்டு, மீட்டர் வைத்துப் பார்த்து, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் துணி சுற்றியது. ஸ்விட்ச் அசையவில்லை. மாமியாரின் கால் பழக்கத்தில் செருப்பைத் துழாவியது. அது அங்கே இல்லை, குப்பைக் கூடைக்குப் போயிருந்தது. பொடிசு என் இடுப்பிலிருந்து துள்ளினாள். "இரு" என்று சொல்லிவிட்டு மாமா வெறுங்காலோடு முன்னால் போய், மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"மீட்டர் வச்சுப் பாத்தாச்சே மாமா. கையை வச்சா பாப்பாங்க?"

"அவ தொடறதுக்கு முன்னாடி நான் தொட வேணாமாம்மா?"

அதுவும் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன். பொடிசை இறக்கிவிட்டதும் அவள் தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள்.