முப்பத்தொன்பதாவது படம்

நண்பர் விஸ்வேஸ்வரன் எங்கள் சாங்வி வீட்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்தபோது அதிகாலை நாலேகால். தொண்ணூற்றாறு ஏப்ரல். கிரகணம் பிடித்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நிலாவுக்குத் தேதி கொடுத்ததே தான்தான் என்பதுபோன்ற முகத்தோடு முக்காலியை விரித்தார். ஔந்தில் அவருடைய அடுக்ககத்தின் மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்களாம். அழைத்தது என் மகள் அம்ருதா. எட்டாம் வகுப்பு அறிவியல் சார்ட்டில் ஒட்ட அவளுக்கு ஒரு சிவப்பு நிலா வேண்டும். அப்பாவிடமும் கேமரா இருப்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

என்னுடையது பிறந்தநாள், தீபாவளிக்கு ஆகிற சின்னக் கேமரா. அவருடையது சிங்கப்பூர் மைத்துனர் போன வாரம் கொண்டுவந்தது. முழங்கை நீள லென்ஸ். கிரகண தோஷமெல்லாம் மூடநம்பிக்கை என்று பத்து நிமிடம் சொற்பொழிவாற்றினார். அவருடைய கேமராப் பையில் மனைவி சியாமளா இரண்டு தர்ப்பைப் புல்லைச் செருகி அனுப்பியிருந்தார். அதை அவர் எடுத்துப் போடவில்லை.

"சார், உங்க டப்பால நிலா எள்ளு சைஸுக்குத்தான் விழும். எதுக்கு பிலிமை வேஸ்ட் பண்றீங்க?"

"கிரகணத்துக்கு எள்ளுதானே சார் விசேஷம்."

அம்ருதா சிரிக்கவில்லை. "அப்பா, ப்ளீஸ். அங்கிளை டிஸ்டர்ப் பண்ணாதீங்க." நோட்டில் கோடு போட்டு, அவர் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு நிலா முழுக்கச் செம்பானது. அப்போதுதான் கவனித்தேன். கல்யாணத்துக்கு முன் நான் வாடகைக் கேமராவோடு கட்கி பக்கத்துக் கல்யாண வீடுகளில் அலைந்தவன். பிலிம் நகர்ந்தால் இடப்பக்கத் திருகும் கூடவே சுற்ற வேண்டும். விஸ்வேஸ்வரன் லீவரைத் தள்ளித் தள்ளிப் படமெடுத்தார், திருகு அசையவில்லை. பிலிமின் நுனி உள்ளே மாட்டவே இல்லை. இத்தனை நேரம் அவர் எடுத்ததில் ஒன்றுகூட விழுந்திருக்காது.

சொல்ல வாயெடுத்தேன். கேமராவின் பின்மூடியைத் திறந்து மாட்ட இரண்டு நிமிடம் போதும். நிலா இன்னும் ஒரு மணி நேரம் நிற்கும்.

"பாத்தியா அம்ருதா, போட்டோகிராபின்னா நிதானம். உங்கப்பா மாதிரி டக்கு டக்குன்னு அமுக்கறது இல்ல."

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அம்ருதா சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டு. போன வருஷம் வரை அந்தச் சிரிப்பு என் பேச்சுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டு, சுவரோரம் நின்று என் எள்ளுகளை எடுத்தேன்.

"தர்ட்டி செவன்," என்றாள் அவள். "தர்ட்டி எய்ட்."

"நான் லோட் பண்ணா ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா கிடைக்கும்மா. அதெல்லாம் கைவாகு."

இன்னொரு க்ளிக். அவள் எழுதிய கையை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, தர்ட்டி சிக்ஸ் ரோல்ல எப்படி தர்ட்டி நைன் வரும்?"

அன்று காலை அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. விஸ்வேஸ்வரனும் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சொற்பொழிவு எதுவும் இல்லை.

"அதான் அங்கிள் சொல்றாரே," என்றேன். "கைவாகுன்னு."

அவர் முகம் தெளிந்தது. மேற்கே வெளுத்துக்கொண்டிருந்த வானத்தில் நிலா நனைந்த செங்கல் நிறத்தில் மங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்பதுக்கு நேரே ஐந்து ஐம்பது என்று எழுதினாள் அம்ருதா. அதன் கீழே அடுத்த எண்ணையும் போட்டுவிட்டு, பேனாவை உயர்த்திப் பிடித்தபடி அவரையே பார்த்துக் காத்திருந்தாள்.