எங்க வழக்கத்துல இல்லைங்க

கடல் தாண்டினால் சாதி கரையிலேயே நின்றுவிடும் என்று நம்பித்தான் கிடங்கு மேலாளர் விமானம் ஏறினார். அதுவோ விசாகூட இல்லாமல் அவருக்கு முன்னாலேயே வந்து இறங்கியிருந்தது. முதல் வாரமே, அறையில் கூடத் தங்கியிருந்த ஒருவன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, அண்ணன் எந்த ஆளு என்று விசாரித்தான். முடிதிருத்தும் குடும்பம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நிலபுலன் உள்ள ஒரு சாதியைச் சொல்லி வைத்தார். சொன்னதோடு விட்டாரா மனுஷன்? அந்தச் சாதிச் சங்கத்தில் சேர்ந்து, பொருளாளர் வரைக்கும் வந்துவிட்டார். குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று கூடப்பிறந்த அண்ணனோடு பேசுவதையே நிறுத்தினார். உண்மை தெரிந்தது மனைவிக்கு மட்டும்தான். மகளையும் அந்தப் பொய்யிலேயே வளர்த்தார்.

அந்த மகள் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்றாள். பேசி முடிக்கப் பையனின் அப்பா வந்தார். மூன்று சலூன் வைத்திருப்பவர். சோபா நுனியில் உட்கார்ந்து, நாங்கள் முடிதிருத்துகிற ஆட்கள் என்று ஒளிவுமறைவில்லாமல் தொடங்கினார். நாங்களும்தான் என்று மேலாளர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணம் பாதி முடிந்தது. பாழாய்ப்போன சங்கமல்லவா கண் முன்னால் வந்து நின்றது!

“உங்க பக்கம் பொண்ணு குடுக்குறது எங்க வழக்கத்துல இல்லைங்க” என்றார்.

சலூன்காரர் கோபப்படவில்லை. காப்பி டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

“ஊர்ல எனக்குத் தொழில் கத்துக்குடுத்ததே உங்க அண்ணன்தாங்க. உங்க பேரைச் சொன்னதுமே, என் தம்பி பொண்ணுதான், தைரியமா போய்க் கேளுன்னு அனுப்புனாரு. அவர்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

அப்போதாவது இறங்கி வந்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

“ஆள் மாறி வந்துட்டீங்க. எனக்கு அண்ணன் யாரும் கிடையாது.”

வந்தவர் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். மேலாளர் போய்க் கதவைச் சாத்தினார். தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனை இல்லை என்று சொன்ன வாயைக் கழுவத் தண்ணீர் ஏது?

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள்.

“எனக்குப் பெரியப்பா இருக்காராப்பா?”

உள்ளேயிருந்து மனைவிதான் பதில் சொன்னாள்.

“இருக்காரு. உன் மூக்கு அவர் மூக்குதான்.”

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல், படியிறங்கிச் சலூன்காரர் பின்னால் ஓடினாள். அப்பாவை அவள் கூப்பிடவில்லை.