கிரகரி கொடுக்காத கையெழுத்து

வெள்ளைக்காரத் துரை ஒருவரின் உல்லாசப் படகுக்கு, மலாயாவின் லூமூட் துறைமுகத்தில் எஞ்சின் டிரைவராக இருந்தவன் கிரகரி. துறைமுக ஆபீசில் பரீட்சை எழுதி வாங்கிய லைசன்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். வேதப் புத்தகத்தைவிட அதைத்தான் அதிகம் துடைப்பான் என்றால் அவனுக்குக் கோபம் வரும். ஆனால் உண்மை அதுதான். அதே படகில் எண்ணெய் போடும் ஆளாகச் சேர்ந்த இருளப்பன், மூன்றே வருஷத்தில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான். அவனும் பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கலாம். ஆனால், இத்தனை மாதம் என்னோடு கடலில் வேலை செய்தான், தொழில் தெரிந்தவன் என்று லைசன்ஸ்காரன் ஒருவன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"அடுத்த மாசம் பாப்போம்லா" என்பான் கிரகரி. அந்த அடுத்த மாசம் வரவேயில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன?

சண்டைப் பேச்சு கிளம்பியதும் துரை படகை விற்றுவிட்டு, கேமரன் மலையிலிருந்த தன் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரி எஞ்சினைப் பார்க்க இருவரையும் கொண்டுவந்தார். ஜப்பான்காரன் வந்தான்; துரை ஓடிப்போனார்; எஞ்சின் வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

நாற்பத்து மூன்றில், சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ராஜநாயகம், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே வந்து சொன்னார்.

"எஞ்சின் தொழில் தெரிஞ்சவன விட்டுடுவானுங்க. லைசன்ஸ் வேணும், இல்லாட்டி லைசன்ஸ்காரன் கையெழுத்துப் போட்ட கடுதாசி வேணும். நாளைக்கு ஆள் ஏத்த லோரி வருது."

மறுநாள் விடிந்ததும் இருளப்பன் கிரகரி வீட்டு வாசலில் நின்றான்.

"பரீட்சைக்குக் கேக்கல அண்ணே. உசுருக்குக் கேக்குறேன். ரெண்டு வரி போதும்."

கிரகரி பேனாவை எடுத்தான். ஃபேக்டரியில் இருப்பது ஒரே எஞ்சின். இரண்டு டிரைவர் இருந்தால் ஒருவனைத்தானே வைத்துக்கொள்வார்கள்? அந்த ஒருவன் இருளப்பனாகிவிட்டால்?

"மை தீந்துபோச்சு தம்பி. கிராணிகிட்ட வாங்கி எழுதி வைக்கிறேன். மத்தியானம் வா."

பேனா நிறைய மை இருந்தது. இருளப்பன் அந்தப் பேச்சை நம்பித் தலையாட்டிவிட்டுப் போனான். லோரி பத்து மணிக்கே வந்து அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் ராஜநாயகம் ஃபேக்டரிக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"இனிமே ராத்திரியும் எஞ்சின் ஓடணுமாம். இன்னொரு டிரைவர் எங்கேன்னு என்னையப் போட்டு வறுக்குறானுங்க. நான் எங்க போவேன்?"

கிரகரிக்கு அப்போதுதான் உறைத்தது. இருவருக்குமே இடம் இருந்திருக்கிறது, பாவி! அங்கேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதிக் கொடுத்தான். ராஜநாயகம் அதை எடுத்துக்கொண்டு மலைக்குக் கீழே தாப்பா ரயிலடி வரை போனார். ரயில் புறப்பட்டுவிட்டிருந்தது. கடிதம்தான் திரும்பி வந்தது.

அதை இருளப்பன் மனைவி மணியம்மாவிடம் கொண்டுபோனான் கிரகரி. ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டுங்கண்ணே" என்றாள்.

"இருளப்பன் பல வருஷம் என்னோடு வேலை செய்தான். என்னைவிட நன்றாகத் தொழில் தெரிந்தவன்."

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இத எழுத எவ்வளவு நேரமாச்சு?"

"கால் மணி நேரங்கூட ஆகல, தாயி."