பானெட்டுக்கு முன்னால்

நான்கு ஆண்டுகளுக்கு முன், மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு இருபதுக்கு, ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் பின்புற வாகன நிறுத்துமிடத்தில், இரண்டாம் வரிசையிலிருந்து கிளம்பிய வெள்ளை நிறச் சிறிய கார், அதன் முன்னால் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுமியின் மேல் ஏறியது. சிறுமி அங்கேயே இறந்தாள். காரை ஓட்டியவர் அதே மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட். வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். ஓட்டியவர் மேல் தவறில்லை என்று விசாரணை முடிந்தது.

அன்றோடு அந்தப் பெண் ஓட்டுவதை நிறுத்தினாள். மருத்துவமனையிலிருந்தும் விலகினாள். வீட்டு முன்னறையில் ஒரு கட்டில் போட்டு, தேடி வருகிறவர்களுக்கு மட்டும் முழங்காலும் தோளும் பார்த்தாள். வெளியே போவதென்றால் பஸ். பஸ்ஸிலும் முன் இருக்கைகளில் உட்கார மாட்டாள்.

இந்த ஆண்டு பழைய தலைமை மருத்துவர் கூப்பிட்டார். பக்கவாதம் வந்து படுத்துவிட்டவர்கள் பத்துப் பேர், ஊருக்கு வெளியே பத்து வீடுகள். வாரம் இருமுறை வீட்டுக்கே போய்க் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பஸ் போகாத இடங்கள். ஒரு வாரம் அவள் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் காலை, தலை துவட்டிக்கொண்டே கணவனிடம் கேட்டாள்.

"நான் திரும்ப ஓட்டிப் பாக்கட்டுமாங்க?"

அவன் சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டுவிட்டு, "பாரேன்" என்றான். அதற்கு மேல் பேசினால் அவள் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

அவன் வேலை, மோதிய வண்டிகளைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பது. சர்வேயர் என்பார்கள். பதினேழு வருடமாக நசுங்கிய தகரத்தோடு பழகியவன். விளம்பரத் தாளையோ விற்பனையாளர் பேச்சையோ நம்ப மாட்டான். கூரைத் தூண் மடங்கியதா, மோதிய பிறகு கதவு திறந்ததா, உள்ளே இருந்தவர்கள் நடந்து வந்தார்களா, இவைதான் அவனுடைய கேள்விகள். மனைவிக்கு ஓர் எஸ்யூவி வாங்குவது என்று முடிவு செய்து, தன் பழைய கோப்புகளை மூன்று மாதம் புரட்டினான். அவள் அதற்குள் லைசன்ஸைப் புதுப்பித்து, ஒரு பெண் பயிற்சியாளரிடம் பன்னிரண்டு வகுப்பும் முடித்துவிட்டாள்.

"பொண்ணு பாக்க அரை நாள்தான் எடுத்துக்கிட்ட. வண்டிக்கு மூணு மாசமாடா?" என்றாள் அவனுடைய அக்கா.

"பொண்ணு விஷயத்துல விட்ட தப்ப வண்டியில விட மாட்டாரு அண்ணி" என்றாள் மனைவி. நான்கு வருடத்தில் அவள் சொன்ன முதல் கேலி அது. அவன் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

சனிக்கிழமை மூவரும் ஷோரூம் போனார்கள். அவன் தேர்ந்தெடுத்தது சாம்பல் நிறத்தில், ஆள் மார்பளவு உயர்ந்த பானெட்டோடு நின்றது. அக்கா பின்னால் ஏறி, "ஏம்ப்பா, இதுல ஏற ஏணி தருவீங்களா, அத நாங்க தனியா வாங்கணுமா?" என்று விற்பனையாளரைக் கேட்டாள்.

"ராணி மாதிரி உக்காந்து ஓட்டலாம் மேடம். ரோடே உங்க காலடியில கெடக்கும்" என்றார் அவர்.

மனைவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, உயரத்தைச் சரிசெய்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். அவன் ஜன்னலருகே நின்று சொன்னான். "இந்த மாடல்ல பெரிய மோதல் எட்டு கேஸ் பாத்துட்டேன். எட்டுலயும் உள்ள இருந்தவங்க தானே கதவத் தொறந்து எறங்கிட்டாங்க. ஒருத்தருக்கு மூக்குல காயம். அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். கண்ணாடி வழியே முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"முன்னாடி போய் நில்லுங்களேன்."

போய் நின்றான்.

"இன்னும் கிட்ட. ம். உக்காருங்க."

அவன் பம்பரை ஒட்டிக் குந்தினான். பின் இருக்கையிலிருந்து அக்கா சிரித்தாள். "என்னடா இது, கல்யாணத்தன்னைக்குக்கூட இவ முன்னாடி இப்படிக் குனியலயே நீ! போனவன் எங்க, ஆளையே காணோம்?"

சொல்லி முடித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவனுக்கு எதிரே கறுப்புக் கிரில். அதற்கு மேலே தகரம். அதற்கு மேலே கூரையின் விளக்குகள். அவள் முகம் தெரியவில்லை. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அவள் இறங்கி வந்து அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேமரா இருக்கு மேடம்," என்றார் விற்பனையாளர், "முன்னாடி எது வந்தாலும் திரையில காட்டும். சத்தமும் குடுக்கும்."

"அன்னைக்கும் என் கண்ணு நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார்.

திரும்பும் வழியில் முதலில் அக்காவின் வீட்டுக்குப் போனார்கள். அவளை இறக்கிவிட்ட பிறகு மனைவி கேட்டாள்.

"அந்த எட்டும் எதுல மோதினது?"

"லாரி மூணு. பாலத்துச் சுவர் ஒண்ணு. மத்தது காரும் காரும்."

"ஆளு மேல மோதினது?"

"அதெல்லாம் சின்ன சேதம். ரிப்போர்ட் ஒரு பக்கத்துல முடிஞ்சிடும்."

சொல்லி முடித்ததும் பழைய அறிக்கை ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளைக் காரை அன்று பார்த்து எழுதியவன் அவனுடன் வேலை செய்பவன்தான். முன் நம்பர் பலகை வளைந்துள்ளது, வேறு சேதம் இல்லை என்று எழுதியிருந்தான். அதைப் படித்தபோது, நல்லவேளை, இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் இவனுக்குத் தோன்றியிருந்தது. இன்றுவரை வேறெதுவும் தோன்றியதில்லை.

மறுநாள் அவன் வேறு விதமாக வேலையில் இறங்கினான். வழக்கம்போல் அளவெடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று நம்பினான். ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி உயரத்தைச் சரிசெய்தான். டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டான். அந்த வாரம் நான்கு ஷோரூம்கள். அவள் உள்ளே உட்காருவாள். அவன் பெட்டியை பம்பரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்துக்கொண்டே போவான். "இப்ப?" "தெரியல." "இப்ப?" "தெரியல." "இப்ப?" "ம், தெரியுது." அங்கே கோடு போட்டு அளப்பான். சாம்பல் நிற வண்டிக்கு இரண்டு மீட்டர் நாற்பது. அடுத்ததற்கு இரண்டு பத்து. மூன்றாவதற்கு ஒன்று அறுபது. ஷோரூம் ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

வியாழக்கிழமை மாலை, நான்காவது கடையில், பானெட் சரிந்த சிறிய எஸ்யூவி ஒன்று ஒரு மீட்டர் பத்துக்கு வந்தது. அவன் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். முகத்தில் சந்தோஷம்.

"இதுதான். இதுக்குக் கீழ எதுலயும் வராது."

அவள் இறங்கி வந்து பெட்டியின் பக்கத்தில் குந்தினாள். அதன் மேல் விளிம்பில் கை வைத்தாள்.

"இது என்ன உயரம்?"

"அம்பத்தஞ்சு."

"ஏன் அம்பத்தஞ்சு?"

அவன் டேப்பைச் சுருட்டினான். விசாரணை அறிக்கையில் அந்த எண் இருந்தது. உட்கார்ந்த நிலையில் சிறுமியின் உயரம். மனைவி அந்த அறிக்கையைப் படித்ததில்லை. படிக்க வேண்டாம் என்று அவன்தான் அலமாரியில் பூட்டி வைத்திருந்தான்.

"படிச்சிருக்கீங்க."

"ம்."

"அவ எவ்வளவு தூரத்துல இருந்தா?"

"வேண்டாம்மா."

"சொல்லுங்க."

"முப்பது சென்டிமீட்டர்."

அவள் சாக்பீஸ் கோட்டையும் பம்பரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இதுலயும் தெரிஞ்சிருக்காது."

"எதுலயும் தெரிஞ்சிருக்காது. எந்த வண்டியா இருந்தாலும். அதனாலதான் உன் மேல தப்பு இல்லன்னு..."

நான்கு வருடமாக இதைத்தான் அவளிடம் எப்படிச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தான். ஆறுதல் என்று நினைத்திருந்தான்.

"எல்லா வண்டிக்கும் முன்னாடி அந்தத் தெரியாத எடம் இருக்கு. இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். அளந்து எழுதியே பழகியவன்.

"இருக்கு" என்றான்.

அவள் எழுந்து, வண்டியின் திறந்திருந்த கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். "பெட்டிய எடுத்துக்கோங்க. இங்க கெடந்தா யாராவது இடறிடுவாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் தலைமை மருத்துவருக்குப் போன் செய்து, தன்னால் வர இயலாது என்று சொன்னாள். வண்டி வாங்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்து அந்தப் பத்து வீடுகளுக்கும் வேறொரு பிசியோதெரபிஸ்ட் போய் வருகிறார்.