வீட்டில் செய்த மாதிரி

1

எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் சொந்த மண்டையிலிருந்து மட்டுமே எடுத்து எழுதுகிற ஒரே எழுத்தாளன், இப்போது உயிரோடு இருப்பவர்களில், நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகை தவிர வேறெங்கும் நான் எழுதியது வெளிவராததால் உலகத்துக்கு இது இன்னும் தெரியவில்லை. அது உலகத்தின் பிரச்சினை.

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு பூஜ்யத்தில். போன பருவத்தில் நான் எழுதிக் கொடுத்த கட்டுரையை எங்கள் பேராசிரியர் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கி, வகுப்பு முழுக்கப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எங்கிருந்து எடுத்தே?"

"நானே எழுதினது சார்."

"இவ்வளவு நல்லா நீ எழுத மாட்டே."

என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். மதிப்பெண் இடத்தில் பூஜ்யம். அவர் எல்லோரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்பார் என்பதால் கல்லூரியில் அவருக்கு 'எங்கிருந்து சார்' என்று பெயர். காப்பியடிப்பதைத் தடுக்கும் குழுவுக்குத் தலைவரும் அவரே. "அடுத்தவன் உழைப்பை எடுத்துத் தன் பேரைப் போட்டுக்கறவன் திருடன்" என்று ஆண்டுவிழா மேடையில், சாப்பாட்டுக்கு நேரமாகியும், அரைமணி நேரம் விளக்கியவர்.

அவரை மறந்துவிடாதீர்கள். இப்போது கடைக்குப் போவோம்.

2

*விடுமுறைக் காலத்தின் குளிர்ந்த காலையில் உருகும் வெண்ணெயின் மணம் தெருவெங்கும்—*

(வேண்டாம். கடையின் விளம்பரத் தாள் மாதிரி இருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான்.)

*மனிதர்கள் பொய்யை வாங்குவதற்காக என் சித்தியின் கடைவாசலில் வரிசையில்—*

(உண்மைதான். ஆனால் ஆரம்பத்திலேயே இப்படிக் கத்தினால் கடைசிவரை தொண்டை தாங்காது.)

சரி, நேராகவே சொல்கிறேன். என் சித்தி ஓர் உயர்தர உணவுக் கடை நடத்துகிறாள். முன்பக்கம் சீஸ், ஆலிவ் ஜாடிகள், எடுத்து விலையைப் பார்த்ததும் மக்கள் மரியாதையோடு திரும்ப வைத்துவிடும் சாக்லேட்டுகள். பின்பக்கம் பெரிய சமையலறை. விருந்துகளுக்குச் சமைத்து அனுப்புவது அங்கேதான். வருடக் கடைசி விடுமுறையில் கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது. கல்லூரி மூடியிருக்கும் என்பதால் எனக்கு ஓர் ஏப்ரனும் தலைக்கு ஒரு வலைத்தொப்பியும் தரப்படும். அந்தத் தொப்பியோடு எந்த மனிதனும் கௌரவமாகக் கோபப்பட முடியாது. நான் முயன்றிருக்கிறேன்.

என் கோபம் சொந்தத் தட்டு ஆர்டர் மேல். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து தன் பீங்கான் தட்டைக் கொண்டுவருவார். அதிலேயே நாங்கள் சமைத்துத் தருவோம். அவர் அதை வீட்டு மேசையில் வைத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "காலையிலேருந்து அடுப்படியிலதான் நிக்கிறேன்" என்பார். ஆனால் கடைச் சாப்பாடு கடைச் சாப்பாடு மாதிரியே இருந்து தொலையும்: விளிம்பு நேராக, நிறம் சீராக. அதனால் கொடுப்பதற்கு முன் சித்தி அதைக் 'கலைத்து விடுவாள்'. கட்டைவிரலால் ஓரத்தை நசுக்குவாள், தட்டின் விளிம்பில் சாஸ் வழிய விடுவாள், ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கருக்குவாள். எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் கருக வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

"இது மோசடி சித்தி."

"இதுக்குப் பேரு சர்வீஸ்டா."

"சாப்பிடறவங்க ஏமாறலையா?"

"யாரு ஏமாந்தா? அந்த வக்கீலம்மாவோட மாமியாரே போன வருஷம் இங்க வந்து, எங்க மருமக செய்யற மாதிரியே ஒண்ணு வேணும்னு வாங்கிட்டுப் போனாங்க." அவள் ஒரு பதார்த்தத்தின் மாவு மூடியை முள்கரண்டியால் குத்திக்கொண்டே சொன்னாள்: "பாத்துக்கோ. ஒரு ஓட்டை இருந்தா யாரோ பிச்சுத் தின்னுட்டாங்கன்னு தெரியும். நாலு இருந்தா வீட்டுச் சமையல். கத்துக்கோ."

நான் கற்றுக்கொள்ளவில்லை. கொள்கை.

3

விடுமுறை விருந்துக்கு முதல் நாள், செய்தித்தாளில் சுற்றிய ஒரு தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கிருந்து சார் கடைக்குள் வந்தார்.

இந்த இடத்தில் வாசகரும் கொஞ்சம் கோபப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் மட்டும் எவ்வளவுதான் பட முடியும்.

அலமாரி ஓரமாகச் சித்தியிடம் தணிந்த குரலில் எதையோ நெடுநேரம் சொன்னார். எனக்குக் கடைசி வரிதான் கேட்டது. "வீட்ல செஞ்ச மாதிரி இருக்கணும்மா. என் பொண்ணு ரொம்ப உன்னிப்பாப் பாப்பா."

மறுநாள் காலை முன்பக்கத்தில் கூட்டம் நெரிந்தது. சித்தி கல்லாவிலிருந்தே கத்தினாள்: "அந்த நீல விளிம்புத் தட்டைச் சுட்டு, கலைச்சு விட்டுத் துணி கட்டிடுடா."

நீல விளிம்புத் தட்டில் சிக்கன் பை, ஓவனுக்குள் போகத் தயாராக இருந்தது. (பை என்றால் தூக்கிக்கொண்டு போவதல்ல, கோழிக்கறி மேல் மாவு மூடி போட்டுச் சுடுவது. முதல் பிரதியைப் படித்த நண்பன் ஒருவன் நான்கு பக்கம் வரை கைப்பை என்றே நினைத்திருக்கிறான்.) எங்கள் பெட்டிகளில் போகிற பைகளுக்கு மட்டும் மூடியின் நடுவில் கடையின் மர முத்திரையை அழுத்துவோம்: ஒரு கரண்டி, அதன் தலையில் ஒரு கிரீடம். சொந்தத் தட்டுகளில் அழுத்துவதில்லை.

நான் அழுத்தினேன். நன்றாக, உடல் எடை முழுவதும் இறங்க. ஆக்கியவர் பெயரை உரிய இடத்தில் போடுவதுதானே அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. வெந்து வந்தபோது கிரீடம் பொன்னிறமாகப் பளபளத்தது. துணியை இழுத்துக் கட்டி அவர் கையில் கொடுத்தேன்.

4

இங்கே எனக்கு என் வில்லன் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

*அவர் எண்ணெய் வழியும் சிரிப்போடு தட்டைப் பிடுங்கிக்கொண்டு—*

பிடுங்கவில்லை. சிரிக்கவுமில்லை. "ரொம்ப சூடா இருக்குமா தம்பி, எங்க பிடிக்கணும்?" என்று கேட்டார். விரல்களில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. போகும்போது எனக்கு நன்றி சொன்னார். வில்லன்கள் ஒத்துழைக்காவிட்டால் கோபக் கதை எழுதுவது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியாது.

கூட்டம் குறைந்ததும் சித்தி பின்பக்கம் வந்தாள். முத்திரையைக் கையில் எடுத்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"இன்னிக்குப் போன பெட்டியெல்லாம் நேத்தே சுட்டது. இதுல ஈர மாவு எப்படி வந்துச்சு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"எந்தத் தட்டுடா?"

சொன்னேன். பூஜ்யத்தையும் சேர்த்துச் சொன்னேன். நியாயம் முழுக்க என் பக்கம் இருந்ததால் சற்று விரிவாகவே சொன்னேன். அவள் திட்டாதது எனக்குப் பிடிக்கவில்லை.

"அவரு சம்சாரம் படுத்த படுக்கையா கிடந்தப்போ தினமும் நம்ம கடைப் பெட்டியத்தான் வாங்கிட்டுப் போவாரு. அம்மாவுக்கு ஒரு வாய் நீங்களா செஞ்சு குடுத்தீங்களான்னு பொண்ணு கேட்டா. அந்தம்மா போனதுக்கப்புறம் இவருகிட்டப் பேசறதையே விட்டுட்டா. இந்த வருஷம் நானே சமைக்கிறேன் வாம்மான்னு சொல்லித்தான் வரவழைச்சிருக்காரு. அந்தப் பொண்ணு மறுபடி எழுந்து போறதுக்கு உலகத்துல ஒரே ஒரு படம் போதும்டா. அதைத்தான் நீ நட்ட நடுவுல குத்தி அனுப்பியிருக்கே."

"அவர் சொல்றதும் பொய்தானே சித்தி?"

"பொய்தான். போய் அவகிட்டச் சொல்லு. இல்ல, போய் அதைக் கலைச்சு விடு. ரெண்டுல ஒண்ணைச் செய். இங்க நின்னு நியாயம் பேசாத, இடம் அடைக்குது."

5

முதல் பிரதியில் கதை இங்கேயே முடிந்தது. மகள் துணியை அவிழ்க்கிறாள், கிரீடத்தைப் பார்க்கிறாள், எழுந்து போகிறாள். பேராசிரியர் தலை குனிகிறார். நீதி வெல்கிறது. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நடை பிரமாதமாக இருந்தது. மூன்றாம் முறை படிக்கப் பிடிக்கவில்லை.

7

கடை சைக்கிளில் போனேன். கையில் ஒரு சாஸ் ஜாடி, சாக்குக்காக. கதவைத் திறந்த பேராசிரியர் என்னை உற்றுப் பார்த்தார்.

"உன்னை எங்கயோ பாத்திருக்கேனே."

"வலைத்தொப்பி போட்டா எல்லாரும் ஒரே மூஞ்சிதான் சார். இதை மறந்துட்டுப் போயிட்டீங்க. நானே உள்ள வச்சிடறேன்."

"மெதுவாப் போ. பொண்ணு வந்துட்டா, மாடியில இருக்கா."

சமையலறையில் தட்டு துணியோடு அப்படியே இருந்தது. ஆனால் நான் முதலில் பார்த்தது அதையல்ல. தொட்டியில் அடிப்பிடித்த பாத்திரங்கள். தரையெல்லாம் மாவு. குப்பைக்கூடையில் கரியாகிப்போன மாவு வட்டங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. ஒன்றுகூட வட்டமாக இல்லை. மனிதர் உண்மையிலேயே முயன்றிருக்கிறார். எனக்கு அசாத்திய எரிச்சல் வந்தது. முயற்சி செய்துவிட்டுப் பொய் சொல்பவரை எந்தக் கணக்கில் வெறுப்பது?

துணியை அவிழ்த்தேன். கிரீடம் மின்னியது. முள்கரண்டியால் அதைச் சுற்றி நெம்பி, முழுசாக எடுத்து, கூடையில் போட்டால் கண்ணில் படும் என்று வாயில் போட்டுக்கொண்டேன். நடுவில் ஒரே ஒரு ஓட்டை. ஒன்று இருந்தால் திருட்டு. இன்னும் மூன்று போட்டேன். ஓரத்தைக் கட்டைவிரலால் நசுக்கினேன், ஆனால் ஒரே அளவாக அல்ல. அவர் விரலில் பிளாஸ்திரி இருக்கிறது, அந்த விரல் எப்படி அழுத்தும் என்று யோசித்து அழுத்தினேன். கூடையிலிருந்து கொஞ்சம் கரியைக் கிள்ளி இடப்பக்கம் தேய்த்தேன். சாஸை விளிம்பில் வழியவிட்டேன். தள்ளி நின்று பார்த்தால், சொல்லக் கூடாது, அபாரமாக இருந்தது. அத்தனை சாமர்த்தியமில்லாத ஒரு பையை அந்த நகரம் பார்த்திருக்காது.

"இது எங்கிருந்து வந்துச்சு?"

திரும்பினேன். வாசலில் மகள். குரல் மட்டுமல்ல, 'எங்கிருந்து'வில் 'எ'யை அழுத்தும் அழுத்தம்கூட அப்படியே அப்பாவுடையது. அவள் பார்வை தட்டின் மேல் இருந்தது. அவளுக்குப் பின்னால் பேராசிரியர். அவர் தட்டைப் பார்த்தார், என் கையிலிருந்த முள்கரண்டியைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. இம்முறை அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் அவர் இல்லை.

என் வாய் நிறையக் கிரீடம்.

8

முடிவுகள் தயாராக உள்ளன.

நான் விழுங்கிவிட்டு, "சார்தான் செஞ்சாரு. நான் பாத்தேன்" என்கிறேன்.

அல்லது, பேராசிரியர் சொல்கிறார்: "கடையில வாங்கினதும்மா. நான் செஞ்சது அந்தக் கூடையில இருக்கு."

அல்லது, மகள் எதுவும் பேசாமல் இரண்டு தட்டுகளை எடுத்து வைக்கிறாள்.

இந்த மூன்றையும் நான் நம்பவில்லை. விளிம்பு நேராக, நிறம் சீராக இருக்கின்றன. கடையில் வாங்கியது என்று பார்த்ததுமே தெரிகிறது.

அதனால் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலை நீங்களே எழுதிவிடுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். ரொம்ப அழகாக வேண்டாம். ஓரிரு வாக்கியம் பாதியில் நிற்கட்டும், மேலே நான் விட்டுவைத்திருக்கிற மாதிரி. (அவற்றின் முழு வடிவம் என் மேசையில் பத்திரமாக இருக்கிறது. ஆறாம் பகுதியும்.) படித்தால் நான் எழுதிய மாதிரி இருக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் ரொம்ப உன்னிப்பாகப் பார்ப்பார்.

பெயர் போடும் இடத்தை மட்டும் தொடாதீர்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.