கூட்டத்துக்கு நின்றவர்கள்

போகிற ஆள் ஒருவர் தலையைத் திருப்பி நம் கடைப் பக்கம் பார்ப்பதற்கு விலை ஏழரை ரூபாய். வெறுமே பார்ப்பதற்குத்தான் ஏழரை. வாங்குவதும் வாங்காததும் அவர் மனசு. பார்த்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டுப் போனாலும் போன ஏழரை போனதுதான்.

சின்னவளுக்கு இந்த விலையைக் கேட்டதும் வயிறு எரிந்தது. பட்டன் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா, இதே திரும்பலை நாற்பது வருஷம் வெறும் தொண்டையால் சம்பாதித்தவர். ஒரு கால் வாசற்படியில், ஒரு கால் தெருவில் என்று நிற்பார். "அம்மா, அந்த நீலச் சட்டையில மூணாவது பட்டன் விடைவாங்கப் பாக்குதே, கவனிச்சீங்களா?" என்பார். போகிறவள் குனிந்து தன் சட்டையைப் பார்ப்பாள். குனிந்தாள் என்றால் பாதி வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். மீதிப் பாதியை உள்ளே வைத்து முடிப்பார். செலவு, மாலையில் ஒரு டம்ளர் வெந்நீர்.

அப்பா போய் ஆறு வருஷம். தெருவையும் இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். இப்போது சரக்கு மொத்தமும் ஒரு மாடி அறையில் இருந்தது. சுவரை மறைத்து அடுக்கிய சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் அடையாளத்துக்கு ஒரு பட்டன் பதித்திருக்கும். கொம்பு, சிப்பி, மரம், பித்தளை என்று இழுப்பறையைத் திறந்தால் அப்பாவின் கடை வாசனை இன்னும் வந்தது. சின்னவள் அந்தப் பட்டன்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டி, ஆயிரம் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இணையச் சந்தையில் விற்கப் பார்த்தாள். சந்தை பெரிசுதான். ஆனால் எவராவது 'மரப் பட்டன்' என்று தேடினால் அவளுடைய பெட்டி நாற்பதாம் பக்கத்தில் வந்தது. நாற்பதாம் பக்கம் வரைக்கும் போகிறவர் பட்டன் தேடுகிறவர் அல்ல, தூக்கம் வராதவர்.

முதல் பக்கத்தில் முதல் ஆளாக நிற்க ஒரு வழி இருந்தது. சந்தைக்காரரிடம் காசு கட்டி விளம்பரம் போடுவது. விளம்பரத்தை யாராவது விரலால் தொட்டு உள்ளே வந்தால் ஏழரை. ஒரு நாளைக்கு நானூற்று ஐம்பதுக்கு மேல் போகாதபடி அவள் வரம்பு கட்டினாள். அதாவது அறுபது விரல். வரம்பு தீர்ந்தால் விளம்பரம் மறைந்துவிடும். மறுநாள்தான் திரும்ப வரும்.

அண்ணன் பெரியவன், ஒரு லாரிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், இதற்கு ஒரு மாசம் மட்டும் தவணை கொடுத்தான். பாதிச் சரக்கு அவன் பங்கு. மாடி அறை வாடகையும் அவன்தான் கட்டினான்.

"மாசக் கடைசியில விளம்பரத்துக்குப் போட்ட காசை லாபத்துல எடுத்துக் காட்டு. காட்டினா நடத்து. ஒரு காசு குறைஞ்சாலும் எடைக்காரருக்குப் போன் போட்டுடுவேன்."

எடைக்காரர் மூடின கடைகளின் சரக்கைக் கிலோக் கணக்கில் வாங்குகிறவர். சிப்பிக்கும் பித்தளைக்கும் அவரிடம் ஒரே தராசு.

"அப்பா சேர்த்த சரக்கை உப்பு புளி மாதிரி நிறுத்துக் கொடுப்பியா அண்ணா?"

"அப்பா சேர்த்ததுதான். வாடகையும் சேர்ந்துக்கிட்டே இருக்கே."

அவள் விளம்பரத்தைத் தொடங்கினாள். முதல் நாளிலிருந்தே ஒரு விநோதம். காலை பத்து மணிக்குள் அறுபது பேரும் வந்துபோய்விடுவார்கள், விளம்பரம் மறைந்துவிடும். அறுபது பேரில் வாங்கியது ஒருவர், நல்ல நாளில் இரண்டு பேர். ஒரு பெட்டிக்கு லாபம் நூற்றைம்பது. நானூற்று ஐம்பதைக் கொடுத்து நூற்றைம்பதை வாங்கும் வியாபாரத்துக்குச் சொந்தக் காசில் சூனியம் என்று பெயர்.

அவள் படத்தை மாற்றினாள். பட்டனை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தாள், கறுப்புத் துணியில் வைத்து எடுத்தாள், ஒரு கோட்டில் தைத்து எடுத்தாள். பெயரை மாற்றினாள். விலையில் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறினாள். வருகிற கூட்டம் அசையவில்லை. காலையில் திமுதிமுவென்று வந்து, ஒன்றையும் தொடாமல், கல்யாண வீட்டில் தப்பான பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி எழுந்து போனது. சந்தைக்காரர் தரும் அறிக்கையில் மணி வாரியாகப் பார்த்தாள். முக்கால்வாசிப் பேர் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் வந்திருந்தார்கள். விடியற்காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் பட்டன் பார்க்கிற ஜனம் எந்த உலகத்தில் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

இருபது நாள் இப்படியே போனது. இருபதாம் நாள் ஞாயிறு. அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை அப்பாவின் அக்கா. முழங்கால் போய்விட்டதால் ஜன்னலோரத்து நாற்காலியே அவளுடைய ராஜ்ஜியம், மடியில் போன்.

"வாடி சின்னவளே. கடையில கூட்டம் எப்படி?"

"கூட்டத்துக்கு என்ன அத்தை, இருக்கு." சின்னவள் தண்ணீரைக் குடித்தபடி சொன்னாள்.

"இருக்குமே. நான் சும்மா இருப்பேனா?" அத்தை போனை ஆட்டிக் காட்டினாள். "நாப்பத்திமூணு பேரைச் சேர்த்து ஒரு குரூப் போட்டிருக்கேன். பெரியம்மா வீடு, உங்க அம்மா வழிச் சொந்தம், கடல் தாண்டி இருக்கிற மருமகன்மார், ஒருத்தரை விடல. ஆறு மணி அடிச்சதும் எல்லாரும் மரப் பட்டன்னு தேடணும். முதல்ல வருது பார், அதைத் தொட்டு உள்ள போகணும். கீழ இறங்கினா வேற எவனோ கடை, அதனால முதல்ல வர்றதைத்தான் தொடணும்னு சொல்லிவச்சிருக்கேன். போய்ட்டு வந்ததும் இங்க கட்டைவிரல் போடணும். போடலைன்னா நான் போன் பண்ணுவேன்."

சின்னவள் டம்ளரைக் கீழே வைத்தாள். மனசு கணக்கு போட்டது. அறுபது விரலில் நாற்பத்து மூன்று சொந்த விரல்.

அத்தையைக் குறை சொல்லவும் முடியாது. அந்தத் தெருவில் வளர்ந்த எவருக்கும் இந்தப் புத்திதான் வரும். காலியான கடைக்குள் முதல் ஆளாகக் கால் வைக்க எவருக்கும் கூச்சம். உள்ளே நாலு முதுகு தெரிந்தால் ஐந்தாவது முதுகு தானாக வரும். அதனால் மந்தமான காலைகளில் வியாபாரிகள் ஒருவருக்கொருவர் முதுகு கொடுத்துக்கொள்வார்கள். இன்றைக்கு விளக்குக் கடைக்காரர் வீட்டார் பட்டன் கடையில் நிற்பார்கள். நாளைக்குப் பட்டன் கடைக் குடும்பம் விளக்குக் கடையில் நிற்கும். சின்னவளே ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு கூடையோடு நின்று, எதையோ வாங்க வந்தவள் மாதிரி சிப்பிப் பட்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். கூடைக்குள் இருந்தது அவளுடைய கணக்குப் புத்தகம்.

முதுகு கொடுப்பதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் நிற்பார்கள், அத்தை பேரம் பேசுவாள்.

"இதுக்கு இந்த விலையா? இது பட்டனா, பவுனா?"

"பவுனைச் சட்டையில தைச்சா திருடன் வருவாம்மா. இதைத் தைச்சா மாப்பிள்ளை வருவான்." அப்பா சொந்த அக்காவைப் பார்த்து, முன்பின் தெரியாதவர் மாதிரி சொல்வார்.

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு மூன்று படி இறங்குவாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டு கூப்பிடுவார். அவள் பெரிய மனசு பண்ணித் திரும்பி வந்து, கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொண்டு போவாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இவ்வளவு பெரிய சண்டைக்காரிக்கே இந்த விலைதான் கிடைத்தது என்று, அதே விலையை வாய் பேசாமல் கொடுப்பார்கள். அத்தை பொட்டலத்தோடு பின் சந்து வழியாக வந்து கொல்லைக் கதவில் அதைத் திருப்பிக் கொடுப்பாள். அந்த ஒரே பொட்டலம் ஆறு வருஷம் விற்பனையானது. நூல்தான் இரண்டு தடவை மாற்றினார்கள்.

இவ்வளவும் சின்னவளின் கண் முன்னால் ஓடியது. அத்தையோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாராட்டுக்கு.

"பெரியவனும் இதுல இருக்கான் தெரியுமா? தினமும் அவன்தான் முதல் ஆள். ஆறு அடிக்கக் கூடாது, கட்டைவிரல் வந்துடும்."

சின்னவள் அதைக் காதில் வாங்கி உள்ளே பூட்டி வைத்தாள். 'நீங்கள் தொட்ட ஒவ்வொரு தொடலுக்கும் ஏழரை போச்சு' என்று சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். முழங்கால் போன மனுஷி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பழைய தெருவில் நடந்து போய்வருகிறாள். அவளைப் படியிலிருந்து தள்ளிவிட மனசு வரவில்லை.

"அத்தை," என்றாள், "பாலை அடுப்பில வச்சுட்டு வந்தீங்களா?"

அத்தையின் கை போன் மேல் அப்படியே நின்றது.

அது அப்பாவின் வார்த்தை. நிஜமான ஜனம் வந்து கடை நிறைந்துவிட்டால், நிற்பதற்கு நின்றவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது அல்லவா? அப்போது அப்பா கல்லாவிலிருந்து, யாரிடமோ ஞாபகமாகக் கேட்கிற மாதிரி கேட்பார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஐயோ மறந்துட்டேனே என்று கிளம்பிவிடுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட நாள்தான் வீட்டில் நல்ல நாள்.

"அவ்வளவு கூட்டமாடி?" என்றாள் அத்தை.

"நிக்க இடம் இல்ல அத்தை."

"அவன் இருந்து பாத்திருக்கணும்." அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதே போனில் குரல் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பினாள்: "கடை நெறஞ்சாச்சு. நாளையிலேருந்து ஒருத்தரும் போகாதீங்க. வெளியாளுக்கு வழி விடுங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு விளம்பரத்துக்குள் வந்திருந்தவர்கள் இரண்டே பேர். பத்து மணிக்கு ஒன்பது பேர். சாயங்காலம் வரை விளம்பரம் முதல் பக்கத்தில் நின்றது. அப்பா நின்ற மாதிரி, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அன்றைக்கு ஐந்து பெட்டி போனது. அதற்கடுத்த நாள் நான்கு. கோட்டு தைக்கிற ஒருத்தி இரண்டு பெட்டி வாங்கிவிட்டு, பித்தளையில் இருக்கிறதா என்று கேட்டு எழுதினாள். சின்னவள் பித்தளை இழுப்பறையைத் திறந்து, பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு பட்டனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

மாசக் கடைசியில் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், பெரியவன் மாடி அறைக்குக் கால்குலேட்டரோடு வந்தான். மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

"அத்தை கடை நெறஞ்சாச்சுன்னாங்க. சொல்லு."

அவள் சொன்னாள். அவன் தட்டினான். விரல் நின்றது.

"ஆயிரத்து எண்ணூறு குறையுதே."

"கடைசிப் பத்து நாளை மட்டும் பார் அண்ணா. நாலாயிரத்து ஐந்நூறு போட்டு ஏழாயிரத்து ஐந்நூறு எடுத்திருக்கேன்."

"பேச்சு முழு மாசத்துக்கு. பேச்சு மாறினா அது கணக்கு இல்ல, கதை." அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எடைக்காரரின் எண் அதில் இருந்தது. "பத்து நாள்ல எடுக்கத் தெரிஞ்சவ, முதல் இருபது நாள் என்ன பண்ணினே? அந்தக் காசை எவன் தின்னான்?"

"எவன்னு சொல்லவா?"

"சொல்லேன்."

"தினமும் காலையில ஆறு மணிக்கு வந்து தின்னவங்க நாப்பத்திமூணு பேர். முதல் ஆள் நீ."

பெரியவன் அவளைப் பார்த்தான். கால்குலேட்டரைப் பார்த்தான்.

"தொட்டாலே காசா?"

"ரெண்டு தடவை சொன்னேன். அப்ப நீ வாடகை ரசீது பாத்துக்கிட்டிருந்தே."

"வித்தாத்தானே போகும்னு நினைச்சேன். தெருவில தரகர் அப்படித்தானே வாங்குவார்? யாவாரம் படிஞ்சா காசு, படியலைன்னா கையைத் தட்டிட்டுப் போவார்." அவன் குரல் இறங்கிவிட்டது. லாரிக் கம்பெனியில் டயர் பஞ்சரைக்கூட மூன்று பில்லோடு சரிபார்க்கிறவன். காது நுனி சிவந்தது.

சின்னவள் சிரிக்கவில்லை. "அத்தை சொல்லித்தான் வந்தியா?"

"அத்தை சொல்லலைன்னாலும் வந்திருப்பேன்." அவன் ஒரு இழுப்பறை முகத்தில் பதித்த பட்டனை விரலால் திருகிக்கொண்டிருந்தான். "காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி ஷட்டரை நான்தானே தூக்குவேன். தூக்கிட்டு, உள்ள ஒரு எட்டு போய் லைட்டைப் போட்டுட்டு, அப்புறம்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். இதுலயும் தொட்டா அப்பா வச்ச பேரு மேல வருது, உள்ள எல்லாம் வெளிச்சமா இருக்கு. ஆபீசுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி கடையத் திறந்து வச்சிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. பத்து நாளா காலையில எதையோ மறந்துட்டுக் கிளம்பற மாதிரியே இருக்கு."

கீழே யாரோ வண்டியைக் கிளப்ப, அது கிளம்பாமல் அடம்பிடித்தது.

அப்புறம் அவன் எடைக்காரரைக் கூப்பிட்டான். "ஆமாங்க, பட்டன்தான். இல்லைங்க, விலை பத்தலைன்னு இல்ல. சரக்கு கடையில இருக்கு, கடை திறந்திருக்கு. அதான் சொல்லிடலாம்னு." போனை வைத்துவிட்டு, பணப்பையைத் திறந்து எண்ணி அவளிடம் நீட்டினான்.

"என் இருபது நாள்."

"மத்த நாப்பத்திரண்டு பேர்கிட்ட நான் போய்க் கேக்கவா?"

"முதுகு கொடுத்தவன்கிட்ட எவனாவது வாடகை கேப்பானா? எழுது."

அவள் எழுதினாள். பெட்டி எழுபத்தெட்டு, லாபம் பதினோராயிரத்து எழுநூறு. விளம்பரம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. குறைவு ஆயிரத்து எண்ணூறு. பெரியவனிடம் வசூல் நூற்றைம்பது. நிற்கிற பாக்கி, ஆயிரத்து அறுநூற்றைம்பது.

"யார் பேர்ல?" என்றாள்.

"பேர் போடாதே. நிக்கட்டும்."

பாக்கி, ஆயிரத்து அறுநூற்றைம்பது. பெயர் இல்லை.