ஒன்பதாவது சுற்று

படுக்கை விரிப்பின் இடப்பக்கத்தை உருவியாகிவிட்டது. வலப்பக்கத்தை இழுப்பதற்காக அப்பாவைத் தன் பக்கமாகப் புரட்டி, முழங்கையால் தாங்கிப் பிடித்திருந்தாள் ரோசென். அப்போதுதான் அந்த உடம்பில் ஏதோ நின்றுபோனதை உணர்ந்தாள். மூச்சு என்று முதலில் தோன்றவில்லை, நடுக்கம் என்றுதான் நினைத்தாள். ஆறு வருடமாக, விழித்திருக்கும் நேரமெல்லாம் அப்பா ஃபான்ஷின் வலது கை ஓய்ந்ததே இல்லை. இரண்டு நிமிடம் முன்புகூட, போர்வையை விலக்கியதற்கு முணுமுணுத்துக்கொண்டே அந்தக் கை கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. இப்போது அவள் கைமேல் கனமாகக் கிடந்தது.

"அப்பா?"

அவரை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, கைப்பழக்கம்தான், மீதி விரிப்பையும் உருவினாள். புதியதை விரித்தாள். அவரை மல்லாத்தி, தலையணையைச் சரிசெய்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றாகப் பத்து நிமிடம்.

வெளியே நகராட்சி வேன் ஒன்று ஒலிபெருக்கியோடு மெதுவாகப் போனது. பதினொரு மணியிலிருந்து மாலை ஐந்து வரை சைக்கிள் பந்தயப் பாதையில் எந்த வண்டிக்கும் அனுமதியில்லை, நாய்களைக் கட்டி வையுங்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

டாக்டருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"போலீஸ்கிட்ட சொல்லி வழி கேட்டு வரேன் ரோசென். கேட்டா விட்டுருவாங்க."

"வேண்டாம் டாக்டர். பந்தயம் முடிஞ்சே வாங்க. அவருக்கு இனிமே என்ன அவசரம்."

அடுத்த எண் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. தம்பி கூல்வெனின் அணி மேலாளருடையது. பந்தய நாட்களில் கூல்வெனின் போன் பேருந்தில் கிடக்கும். அவசரமென்றால் இவரைத்தான் பிடிக்க வேண்டும்.

"ஹலோ! கூல்வென் அக்காவா?" பின்னால், பந்தயம் தொடங்கும் ஊர்ச் சதுக்கத்து இசையும் அறிவிப்பாளரின் குரலும் இரைந்தன. "அவன் மேடைல கையெழுத்து போட்டுக்கிட்டு இருக்கான். சொந்த ஊராச்சே, கைதட்டு காதைப் பிளக்குது. கூப்பிடவா?"

ரோசென் ஜன்னல் வழியே பார்த்தாள். வாசல் கேட்டுக்கு வெளியே அப்பாவின் நாற்காலி போட்டாகிவிட்டது. திருப்பத்தில் சிவப்புக் கொடியும் விசிலுமாக நிற்கும் எதிர்ப் பண்ணை டெனி காலையிலேயே கொட்டகையிலிருந்து எடுத்து வந்து போட்டிருந்தார். வருடா வருடம் அவர் வேலை அது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒண்ணுமில்ல. இங்க மழை பிடிச்சுக்கும் போல இருக்கு. உள்ளாடை கனமா போட்டுக்கச் சொல்லுங்க."

மேலாளர் சிரித்தார். "முப்பத்தஞ்சு வயசுப் பையனுக்கு!"

போனை வைத்தாள். தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. சொந்த ஊர்ச் சாலையில் அவன் ஓட்டப்போகும் கடைசிப் பந்தயம் இது. பதின்மூன்று வருடத்தில் அவன் எதிலும் ஜெயித்ததில்லை. ஜெயிப்பது அவன் வேலையும் இல்லை. அணித் தலைவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, காற்றுக்கு முன்னால் நின்று அவனை மறைப்பது, அவன் சக்கரம் பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது, இவைதான் வேலை. அதையாவது இன்று நிம்மதியாகச் செய்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அது மட்டுமில்லை. டப்பா மீன் ஆலையில் அரை நாள் வேலை, மீதி நேரம் இந்த அறை என்று பதினாலு மாதம் போயிருந்தது. சனிக்கிழமை தோறும் கூல்வென் எங்கிருந்தாவது போன் செய்வான். ஏழு நிமிடம் பேசுவான். அந்த ஏழு நிமிடத்துக்காக அப்பா ஒரு வாரம் முழுக்கக் காத்திருப்பார். "கூல்வென் பேசினானா?" என்று நேற்று ராத்திரி அவளிடம் எத்தனை தடவை கேட்டார் என்று அவள் எண்ணவில்லை. கடைசியில் அவளையே கூல்வென் என்று கூப்பிட்டார். அவளும் "சொல்லுங்கப்பா" என்றாள்.

பன்னிரண்டு மணிக்குச் சதுக்கத்தில் துப்பாக்கி வெடித்தது. ஊரைச் சுற்றிப் பதின்மூன்று கிலோமீட்டர் பாதை, அதையே பதினாலு முறை. ஒவ்வொரு முறையும் இந்த மேட்டில் ஏறி, இந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும்.

அவள் வெந்நீர் வைத்தாள்.

முதல் சுற்று வந்தபோது அப்பாவின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போலீஸ் மோட்டார் சைக்கிள்களின் ஹாரன் கேட்டது. பிறகு ஈரச் சாலையில் நூற்று நாற்பது பேரின் டயர்கள் ஒன்றாக இழுபடும் சீறல், கியர் மாறும் சடசடப்பு, யாரோ யாரையோ திட்டும் குரல். கூரையில் சைக்கிள்களைக் கட்டிய கார்கள் வரிசையாகப் போயின. அப்புறம் பத்தொன்பது நிமிடம் மழைச் சத்தம் மட்டும். இரண்டாவது சுற்றில் முதுகு. மூன்றாவதில் நகம் வெட்டினாள். நாற்பது வருடம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் லாரி ஓட்டிய கை. ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு உள்ளங்கையில் இன்னும் போகவில்லை.

பந்தயத்தன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் கத்துவது ஒரே வாக்கியம்தான். "டேய்! என் பால் லாரியே உன்னை முந்திடும்டா!" கூட்டத்தின் ஓரத்தில் கூல்வென் தலையைத் திருப்பாமலே ஒரு கையைத் தூக்குவான். மேட்டில் நிற்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் உள்ளே யாருக்காவது காபி போட்டுக்கொண்டிருப்பாள்.

ஐந்தாவது சுற்று போய்க் கால் மணி நேரத்தில் டெனி கதவைத் தட்டினார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னம்மா, உங்க அப்பன் இன்னும் எழுந்திருக்கலையா? பையன் ஒவ்வொரு சுத்தும் நாற்காலியப் பாத்துக்கிட்டே போறான். என்னைப் பாத்துக் கையாட்டிக் கேக்குறான்."

"அப்பா போயிட்டார் டெனி. காலைல."

டெனி தொப்பியைக் கழற்றினார். ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் சிவப்புக் கொடி, கழுத்தில் விசில். என்ன செய்வதென்று தெரியாமல் கொடியைச் சுருட்டினார், பிறகு விரித்தார்.

"அவனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. சொல்லாதீங்க."

"நான் எப்படிச் சொல்வேன், அவன் போற வேகத்துல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உள்ள வந்து ஒரு தடவை பாத்துட்டு…"

கீழேயிருந்து ஹாரன் கேட்டது. கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னால் ஓடும் ஐந்து பேர் மேடேறிக்கொண்டிருந்தார்கள். டெனி தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திருப்பத்துக்கு ஓடினார். ஓடும்போதே விசில் ஊதினார்.

ஆறாவது, ஏழாவது சுற்றுகளின் இடையில் அவள் அப்பாவுக்குச் சவரம் செய்தாள். அவசரமில்லாமல் செய்தாள். நுரையை இரண்டு முறை போட்டாள். தாடைக்குக் கீழே, காது ஓரம், மேலுதட்டின் நடுப்பள்ளம், இத்தனை மாதமாக வெட்டிவிடுமோ என்று பயந்து விட்டுவைத்த இடங்கள் எல்லாவற்றையும் எடுத்தாள். ஒரு கீறல்கூட விழவில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். நீலச் சட்டையைப் போட்டு, பட்டனை மேலிருந்து கீழாக மாட்டினாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மழை தூறலாகியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் குடைக்குள் நின்று சாசேஜ் சுருட்டிய அப்பம் தின்றுகொண்டிருந்தார்கள். நாற்காலியில் தண்ணீர் தேங்கியிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றாமல் அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் முழங்கால்கள் எவ்வளவு வலிக்கின்றன என்று தெரிந்தது.

ஒன்பதாவது சுற்று. கூட்டம் மேடேறியது. முகமெல்லாம் சேறு. எல்லோரும் ஒரே ஆள் மாதிரி இருந்தார்கள். வலது ஓரத்தில் வந்தவன் நாற்காலியைப் பார்த்தான். கையைத் தூக்கப் போனவன் பாதியில் நிறுத்தி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினான். தூங்குகிறாரா?

ரோசென் ஆமென்று தலையசைத்தாள்.

அவன் அவளையே பார்த்தபடி கடந்தான். முன்னால் போனவன் பின்சக்கரத்தில் மோத இருந்து, யாரோ கத்த, திரும்பிக்கொண்டான்.

அடுத்த சுற்றில் அவன் கூட்டத்துக்குப் பின்னால் தனியாக வந்தான். காரிலிருந்து வாங்கிய தண்ணீர் பாட்டில்கள் ஏழெட்டைச் சட்டைக்குள் திணித்து, கூன் விழுந்தவன் போல மிதித்துக்கொண்டு வந்தான். மெதுவாகத்தான் வந்தான். கை நீட்டினால் தொடலாம். கேட்பான் என்று அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். 'மருந்து மயக்கம்டா, நீ போ.' அவன் கேட்கவில்லை. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. சேற்றைத் துப்பிவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இவ்வளவுதானே இவன், என்று நினைத்தாள். ஒரு கேள்வி கேட்டான், தலையாட்டினேன், முடிந்தது. சனிக்கிழமை போன் மாதிரி.

பதினொன்றாவது சுற்றில் கூட்டத்தின் முன்னால் ஒரே ஒருவன் எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தான். டெனி வாயைப் பிளந்தார்.

"கூல்வென்தானே அது? என்ன ஆச்சு இவனுக்கு, பேய் பிடிச்ச மாதிரி ஓட்டுறான்!"

சதுக்கத்து ஒலிபெருக்கியில் அவன் பெயர் காற்றோடு வந்தது. வேலியோரத்து ஆட்கள் குடையை ஆட்டிக் கத்தினார்கள். பன்னிரண்டிலும் அவன்தான் முன்னால் வந்தான். முன்னே ஓடிய ஐந்து பேரும் பிடிபட்டார்கள். பதின்மூன்றில் அவன் அணித் தலைவன், பூனை முடி மீசை வைத்த ஒரு டேனிஷ் பையன், தனியாகப் பாய்ந்து போனான். கூல்வென் முன்வரிசையில் இல்லை. கூட்டத்திலும் இல்லை. நான்கு நிமிடம் கழித்து, சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைந்து வளைந்து ஏறினான். கடைசிச் சுற்றில் அவனுக்குப் பின்னால் பந்தயத்தை விட்டவர்களை அள்ளிப்போகும் வேன் மட்டும் வந்தது. வாசலைக் கடக்கும்போது கண்களை முன்சக்கரத்தில் வைத்திருந்தான்.

அரை மணி நேரத்துக்குப் பிறகு கொல்லைக் கதவு திறந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. கூல்வென் பந்தய உடையோடு, முதுகில் எண்ணோடு, சமையலறை நடுவில் நின்றான். குளிரில் பல் தந்தியடித்தது.

"டேய்," என்றாள் ரோசென். "அப்பா…"

"தெரியும்க்கா."

"யார் சொன்னது? டெனியா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. ஆறாவது சுத்துல என்னைப் பாத்துச் சிரிச்சார். அந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்ததே இல்ல." குனிந்து ஷூவைக் கழற்றப் பார்த்தான். விறைத்த விரல்கள் பிடிக்கவில்லை. அவள் மண்டியிட்டுக் கழற்றிவிட்டாள். அவள் தலைக்கு மேலே அவன் குரல் வந்தது. "அப்பவும் நம்பல. ஒம்போதாவது சுத்துல நீ நாற்காலில உக்காந்திருந்த."

அவள் நிமிரவில்லை.

"நீ உக்காந்து நான் எப்பக்கா பாத்திருக்கேன்?"

ஷூவிலிருந்து சேற்றுத் தண்ணீர் தரையில் ஓடியது. துணியை எடுத்துத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"காலைலயே சொல்லியிருக்கணும். போனும் பண்ணினேன். சொல்லல."

"நானும் நிக்கலையே."

"கடைசிச் சுத்துல நின்னிருக்கலாமேடா. என்ன மிச்சம் இருந்துச்சு?"

"நின்னா உள்ள வரணும்ல," என்றான்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு அறைக்குள் போனான். அவள் வாசலிலேயே நின்றாள். அவன் அழவில்லை. ஈரக் காலுறையோடு கட்டில் ஓரம் நின்று, அப்பாவின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டான்.

"வழவழன்னு இருக்கு. நீயா பண்ண?"

"ம். இன்னிக்குத்தான் ஆடாம காட்டினார்."

அவன் மூக்கு வழியாக ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. கீழே தெருவில் வேலிக் கம்பிகளை லாரியில் எறிந்துகொண்டிருந்தார்கள்.

"ஜெயிச்சானா உங்க டேனிஷ் பையன்?"

"அஞ்சாவது. ஊருக்குள்ள வர்றப்ப பிடிச்சுட்டாங்க." சற்றுத் தயங்கினான். "அக்கா, சொல்லவே வெக்கமா இருக்கு. பசி உயிர் போகுது."

அவளும் நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை. சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. முட்டைக் கூடையை எடுக்கப் போனாள். அவன் அவள் தோளைப் பிடித்து மேஜைப் பக்கம் தள்ளினான்.

"நான் பாத்துக்கறேன்."

அவள் மேஜையில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். வெண்ணெய் உருகியது. அவன் முதல் முட்டையைச் சட்டி விளிம்பில் தட்டினான். விரல்கள் இன்னும் மரத்துத்தான் இருந்தன. முட்டை நசுங்கி, ஓடும் சேர்ந்து சட்டிக்குள் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. கரண்டி முனையால் ஓட்டுத் துண்டுகளைத் துரத்தினான். அவை வழுக்கி வழுக்கி ஓடின. எழுந்துபோய் வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை துறுதுறுத்தது. எழுந்திருக்கவில்லை.

ஒரே தட்டில் போட்டு நடுவில் வைத்தான். ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டார்கள். முதல் வாயிலேயே அவள் பல்லில் ஓடு நறுக்கென்று கடிபட்டது. நாக்கால் ஒதுக்கி எடுத்து, தட்டின் விளிம்பில் வைத்தாள். சற்று நேரத்தில் அவனும் ஒரு துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.